கடல் கடந்து ஒலித்த உக்ரேனியக் குரல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைத்தட்டு. அரசியல் பேச வேண்டிய மேடையிலே பாட்டுத் தட்டுக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். பொறுத்துக் கேட்பீர்களாக. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திலே, ஆங்கிலம் பேசும் மக்களிடையே, உக்ரேனிய மொழியில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 'உக்ரேன் நாட்டுப் பாடல்கள்' என்பது அதன் பெயர். பாடியவர் குவீத்கா சீசிக் என்னும் இளம் பெண். குவீத்கா என்றால் அவர்கள் மொழியில் மலர். முப்பது வயதை எட்டாத அம்மங்கை தாம் பாடிப் பிழைத்த பணத்தைக் கொண்டே அத்தட்டை வெளியிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1989இல், 'இரண்டு வண்ணங்கள்' என்ற இரண்டாவது தட்டையும் வெளியிட்டார். தம் தாய்மொழியில் அவர் வெளியிட்டவை இவ்விரண்டே. இவ்விரண்டுக்கும் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கால மொழி வரலாறு நிற்கின்றது.

அக்காலத்தில் உக்ரேன் தனி நாடன்று. சோவியத்து ஒன்றியத்தின் பதினைந்து குடியரசுகளுள் ஒன்றாக, ஏறக்குறைய ஐந்து கோடி மக்களைக் கொண்டு விளங்கிற்று. அதற்குத் தனிக் கொடி இருந்தது. தனி அரசியற் சட்டம் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையிலே தனி ஆசனங்கூட இருந்தது. ஆனால் அம்மக்களின் மொழி எந்த நிலையில் இருந்தது என்பதே கேள்வி. ஏட்டில் எழுதிய உரிமைக்கும் கந்தோரிலும் பள்ளியிலும் கிடைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை இச்சபையினருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உக்ரேனிய மொழியின் மீது விழுந்த முதல் அடிகள் சோவியத்து ஆட்சிக்கு முற்பட்டவை. 1863இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அமைச்சர் வலூயெவ், அம்மொழியிற் சமய நூல்களும் பாட நூல்களும் அச்சிடுவதை ஒரு சுற்றறிக்கை மூலம் நிறுத்தினார். 1876இல் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் ஜேர்மனியில் எம்ஸ் என்னும் ஊரிலே, வைத்திய நீராட்டுக்குச் சென்றிருந்த இடத்தில் இருந்துகொண்டு, ஓர் ஆணையிற் கைச்சாத்திட்டார். அவ்வாணை உக்ரேனிய நூல்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதைத் தடுத்தது, நாடகத்தைத் தடுத்தது. அதுமட்டுமன்று, இசைக்குறிப்பின் கீழே பாட்டின் சொற்களை உக்ரேனிய மொழியில் அச்சிடுவதையும் தடுத்தது! மெட்டை அச்சிடலாம், சொல்லை அச்சிடலாகாது. தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் ஒரு பேரரசு அஞ்சியது என்றால், பாட்டின் வலிமையை அப்பாட்டைப் பாடியவர்களைவிட அப்பேரரசே நன்கு அறிந்திருந்தது போலும். பாட்டின் மீதான தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆணையோ 1905 வரை வாழ்ந்தது.

புரட்சிக்குப் பின் 1920களிலே நிலைமை மாறிற்று. உக்ரேனிய மொழிக்குப் பள்ளிகளும் பத்திரிகைகளும் கிடைத்தன. ஆட்சியாளரே அம்மொழியை வளர்த்தனர். அவ்வசந்தம் பத்தாண்டும் நீடிக்கவில்லை. 1932, 33ஆம் ஆண்டுகளில், உலகிலேயே வளம் மிக்க கரிசல் மண்ணிலே, கோதுமை விளைந்த கிராமங்களிலே, அரசு தானியத்தைப் பறித்துச் சென்றதனால் இலட்சக்கணக்கான உழவர் பட்டினியால் மாண்டனர். உழவர்களே, இதனை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கிராமமே அம்மொழியின் வீடு. வீடு எரிந்தபோது மொழியும் எரிந்தது. அதே 1933இல் உக்ரேனிய நெடுங்கணக்கிலிருந்து ஓர் எழுத்து நீக்கப்பட்டது. ககரத்தின் வல்லொலியைக் குறிக்கும் அவ்வெழுத்து ரஷ்ய மொழியில் இல்லாதது என்பதே அதன் குற்றம். 1990 வரை உக்ரேனில் அச்சேறிய நூல்களில் அவ்வெழுத்து இடம்பெறவில்லை. புலம்பெயர்ந்தோர் மட்டும் அதனை விடாது எழுதிவந்தனர்.

பின் வந்த ஆட்சியாளர் நயமான வழிகளைக் கண்டனர். 1959இன் கல்விச் சட்டம் எந்த மொழியிற் பிள்ளை கற்க வேண்டும் என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. கேட்பதற்கு எவ்வளவு நீதியாக இருக்கின்றது! ஆனால் பல்கலைக்கழகமும் படையும் பதவியும் ரஷ்ய மொழியில் நடக்கும்போது, எந்தத் தந்தை தன் பிள்ளையைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பத் துணிவான்? நகரங்களில் உக்ரேனியப் பள்ளிகள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. இதனைச் சுட்டிக்காட்டி 1965இல் இவான் சியூபா என்னும் எழுத்தாளர் 'சர்வதேசியமா, ருஷ்யமயமாக்கலா?' என்ற நூலை எழுதினார். 1972இல் அறிஞரும் கவிஞரும் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்டனர், சியூபாவும் சிறைப்பட்டார்.

ஆனால் நீதியாகப் பேச வேண்டும். சோவியத்து ஆட்சியில் உக்ரேனியப் பாட்டு தடைசெய்யப்பட்டிருந்தது என்று எவரேனும் சொன்னால் அது பொய். பாட்டு இருந்தது, விழாக்களில் ஏராளமாகவே இருந்தது. பூவேலைச் சட்டையும் அகன்ற காற்சட்டையும் அணிந்து, துள்ளிக் குதித்து ஆடும் குழுக்களை மொஸ்கோ மேடைகளில் ஏற்றி ஆட்சியாளர் கைதட்டினர். ஒரு மொழியைக் கொல்லாமல் முடமாக்கும் முறை இதுவே. கிழவியின் கதைக்கும் திருவிழா வேடிக்கைக்கும் அம்மொழி போதும். புதுமைக்கும் நகரத்துக்கும் காதலிக்கும் இளைஞனுக்கும் மற்ற மொழி வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளின் நெஞ்சில் ஊறிவிட்டால், அதன்பின் சட்டம் எதற்கு? நாட்டிலே இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமும் 'மெலோதியா' என்ற அரசு நிறுவனம் ஒன்றே. எது தட்டில் ஏறும், எது ஏறாது என்பது அங்கே முடிவாயிற்று.

இந்த வேலியைத் தாண்டியவர் வொலோதிமிர் இவசியூக். 1949இல் செர்னிவித்சிப் பகுதியிலே பிறந்து, வைத்தியக் கல்வி கற்றுத் தேறி, இசைக் கல்லூரியிலும் பயின்றவர். மாணவனாயிருந்த காலத்திலேயே 'செர்வோனா ரூத்தா' என்ற பாட்டை எழுதினார். செந்நிற மலர் பூக்கும் ஒரு செடியின் பெயர் அது. 1970இல் முதன்முறை மேடையேறிய அப்பாட்டு, மறுவருடம் மொஸ்கோவில் நடந்த அனைத்து ஒன்றியப் பாட்டுவிழாவிலும் பரிசு பெற்றது. உக்ரேனிய மொழி தெரியாத கோடிக்கணக்கானோரும் அதனை முணுமுணுத்தனர். பழம் பாட்டின் உயிரும் புதுக் காலத்தின் தாளமும் அதிலே கூடியிருந்தன. 1979 ஏப்ரல் 24ஆம் நாள் இவசியூக் வீட்டை விட்டுச் சென்றார், திரும்பவில்லை. மே 18ஆம் நாள் லிவீவ் நகரையடுத்த காட்டிலே, மரத்தில் தொங்கிய நிலையில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. வயது 30. தற்கொலை என்றது அதிகார பூர்வமான அறிக்கை. மக்கள் நம்பவில்லை. பல்லாயிரவர் திரண்டு வந்து அவரை அடக்கஞ் செய்தனர். அக்காலத்தில் அனுமதியின்றி அவ்வளவு பேர் கூடுவதே ஓர் அரசியற் செயல். அடுத்த ஆண்டில்தான் குவீத்காவின் முதல் தட்டு நியூயோர்க்கில் வெளிவந்தது. இவசியூக் இயற்றிய, தொலைமலைக்குப் போவேன் என்று தொடங்கும் பாட்டு குவீத்காவின் குரலிலும் பதிவாகியிருக்கின்றது. கொல்லப்பட்டான் என்று தாய்நாட்டார் நம்பிய ஒருவனின் பாட்டை, அந்நாட்டில் ஒரு நாளும் வாழ்ந்திராத பெண் பாடினாள்.

உக்ரேனியப் பாட்டு கடல் கடந்தது அதுவே முதன்முறையன்று. 1919இல், ஒருசில ஆண்டுகளே உயிர்வாழ்ந்த உக்ரேனியக் குடியரசு, உலக நாடுகளின் அங்கீகாரத்தை நாடி ஒரு பாடகர் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. தூதர்களை அனுப்பிய அரசுகள் பல. பாடகரை அனுப்பிய அரசு அரிது! அலெக்சாந்தர் கோசித்ஸ் என்பவர் அக்குழுவின் தலைவர். குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கையில் பின்னால் குடியரசே மறைந்துபோயிற்று. 1922இல் அவர்கள் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்திற் பாடிய பாட்டுகளுள் ஒன்று லெயோந்தோவிச் அமைத்த 'ஷெத்ரிக்' என்னும் புத்தாண்டுப் பாட்டு. அதற்கு முந்திய ஆண்டிலேயே லெயோந்தோவிச் சோவியத்து இரகசியப் பொலிசாளன் ஒருவனால் தந்தையின் வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அம்மெட்டுக்கு 1936இல் ஆங்கிலச் சொற்கள் புனையப்பட்டன. இன்று உலகெங்கும் நத்தார்க் காலத்தில் ஒலிக்கும் மணிப்பாட்டு அதுவே. கோசித்ஸ் தாய்நாடு திரும்பாமல், 1944இல் கனடாவின் வினிபெக் நகரத்திற் காலமானார்.

கனடாவுக்கு உக்ரேனிய உழவர் 1891 முதல் சென்று குடியேறினர். புல்வெளியை உடைத்து வயலாக்கிய அம்மக்கள் மனித்தோபா மாகாணத்தில் இருமொழிப் பள்ளிகளை நடத்தினர். 1916இல் அம்மாகாண அரசு அவற்றை ஒழித்தது. சுதந்திர நாடு என்று பெயர் பெற்ற நாட்டிலும் அது நடந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. பள்ளி போனபின் அவர்கள் மொழி கோயிலிலும் பாடகர் குழுவிலும் ஒதுங்கிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது மற்றோர் அலை. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் இடம்பெயர்ந்தோர் முகாங்களிலே தங்கியிருந்தவர்கள், சோவியத்து ஆட்சிக்குத் திரும்ப மறுத்தவர்கள். அவர்களுள் ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் பலர். பந்தூரா என்னும் நரம்புக் கருவியை வாசிக்கும் ஒரு குழு முழுவதுமே 1949இல் டெற்றொயிற் நகரில் வந்து குடியேறியது. குவீத்காவின் தந்தை வொலோதிமிர் சீசிக்கும் இவ்வலையில் வந்த வயலின் வித்துவான். 1953 ஏப்ரல் 4ஆம் நாள் நியூயோர்க்கிற் பிறந்த மகளுக்கு ஐந்து வயதிலேயே வயலினைக் கையிற் கொடுத்தார். வெளியிலே ஆங்கிலம், வீட்டு வாயிலுக்குள் உக்ரேனியம். மூத்த சகோதரி மரியா பியானோ வாசிப்பவர். குவீத்கா இசைக் கல்லூரியிற் பயின்று, மேலான குரல்வளம் பெற்று, ஒப்பரா மேடையை நோக்கி நடந்தார். தந்தை காலமானார், குடும்பச் சுமை வந்தது, ஒப்பராக் கனவு அகன்றது.

பின் என்ன செய்தார்? விளம்பரப் பாட்டுப் பாடினார். குளிர்பானத்துக்கும் உணவுக்கடைக்கும் மோட்டார் வண்டிக்கும் அரை நிமிடம் பாடிக் கொடுப்பதே அத்தொழில். போர்ட் மோட்டார் நிறுவனத்துக்காக 1980களில் அவர் பாடிய ஒரு வரியை அமெரிக்காவிற் கேளாத காது இல்லை எனலாம். பெரிய பாடகர்களின் தட்டுகளிலே பின்னணிக் குரலும் கொடுத்தார். 1977இல் வெளிவந்த 'நீ என் வாழ்வில் ஒளியேற்றினாய்' என்னும் பொருள்படும் பெயருடைய ஆங்கிலத் திரைப்படத்திலே, கதாநாயகி வாயசைக்கப் பாடியவர் இவரே. அப்படப் பாட்டு சிறந்த பாட்டுக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. பரிசு இயற்றியவருக்குப் போயிற்று. அதே பாட்டை டெபி பூன் என்ற மற்றொரு பாடகி பாடிய தட்டு பத்து வாரம் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. படத்திற் பாடிய குவீத்காவின் தட்டிலோ அவர் பெயரே இல்லை. 'படத்தின் மூலக் குழுவினர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தனர். அமெரிக்கருக்கு உச்சரிக்க வராத பெயரைச் சுருக்கி, முதலெழுத்துகளான கே.சி. என்பதையே 'கேசி' என்று பெயராக்கித் தொழில் நடத்தினார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. குரலை விற்றார், உண்மைதான். பெயரையும் சுருக்கினார். ஆனால் தாய்மொழித் தட்டின் உறையிலே 'குவீத்கா' என்ற முழுப் பெயரையே இட்டார். விளம்பரத்தில் ஈட்டிய டொலரைக் கொண்டுவந்து அத்தட்டிலே கொட்டினார். வாங்குவோர் யார்? அமெரிக்காவிலும் கனடாவிலும் சிதறிக் கிடந்த புலம்பெயர்ந்தோரே. இலாபம் வராது என்பது அத்தொழிலிலே ஊறியவருக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தார். செய்ததை மலிவாகவும் செய்யவில்லை. புலம்பெயர்ந்தோர் வெளியிடும் தட்டுகள் பெரும்பாலும் கோயில் மண்டபத்திலே ஓர் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்தவை. பாசம் நிறைந்தவை, தரத்திற் குறைந்தவை. மொன்றியலில் 'ருஷ்னிச்சோக்' போன்ற இளைஞர் குழுக்கள் 1970களில் இதனை மாற்றத் தொடங்கியிருந்தனர். குவீத்காவோ நியூயோர்க்கின் முதல்தர வாத்தியக்காரரை அழைத்தார். ஆங்கிலப் பாட்டுக்கு இசை அமைத்துவந்த ஜாக் கோர்ட்னர் அவருக்காக இசையமைத்தார். கணவர் எட்வர்ட் ராகோவிச் தேர்ந்த ஒலிப்பதிவாளர். ஊற்றுக்கிணற்றையும் ஆற்றையும் பாட்டியையும் பாடிய கிராமத்துப் பாட்டுகள், அமெரிக்காவின் மிகச் சிறந்த ஆங்கிலத் தட்டுகளுக்கு எவ்வகையிலும் குறையாத ஒலியோடு வந்தன.

இந்தத் தட்டின் அரசியல் இங்கேதான் இருக்கின்றது என்பது எமது துணிபு. அதிலே ஒரு கோஷமும் இல்லை. ஆட்சியைச் சாடும் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் எம் மொழி அருங்காட்சியகத்துப் பொருளன்று, நாளைய நகரத்திலும் ஒலிக்க வல்லது என்பதை அது காதுக்கு நேரே காட்டியது. இதனைக் கட்டுரை எழுதி நிறுவ முடியாது. கேட்டவுடன் அறிய வேண்டும்.

இரண்டாவது தட்டின் தலைப்புப் பாட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'இரண்டு வண்ணங்கள்' புலம்பெயர்ந்தோர் இயற்றிய பாட்டென்று நினைத்தால் தவறு. 1964இல், சோவியத்து உக்ரேனிலேயே, திமித்ரோ பவ்லிச்கோ எழுத, அலெக்சாந்தர் பிலாஷ் மெட்டமைத்தது. தாயொருத்தி மகனின் சட்டையிலே சிவப்பு நூலாலும் கறுப்பு நூலாலும் பூவேலை செய்கிறாள்; சிவப்பு அன்பு, கறுப்பு துயரம். அவ்வளவே பொருள். ஆனால் சிவப்பும் கறுப்பும் சோவியத்து ஆட்சியை எதிர்த்துப் போராடிய உக்ரேனியக் கிளர்ச்சிப் படையின் கொடி நிறங்களுமாகும். தாயின் ஊசியிலும் கொடியைத் தேடிய அதிகாரிகள் இருந்தனர்! பாட்டோ அதற்குள் மக்களின் பாட்டாகிவிட்டது. உள்ளிருந்தோர் இயற்றினர், வெளியிருந்தவர் பாடினார். தாய்நாட்டில் இருந்தவர்கள் அடங்கிப்போனார்கள் என்றும், வெளிநாடு சென்றவரே மொழியைக் காத்தார் என்றும் சிலர் பெருமை பேசுவதுண்டு. இந்தப் பாட்டு அப்பெருமைக்கு இடங்கொடாது. பவ்லிச்கோ அங்கேயே இருந்தார். 1989இல் தொடங்கிய உக்ரேனிய மொழிக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

இத்தட்டுகள் தாய்நாட்டை அடைந்தது எப்படி? புலம்பெயர்ந்தோரின் வெளியீடுகள் சோவியத்து எல்லையிலே வரவேற்கப்படும் பொருள்களல்ல. வெளிநாட்டு வானொலிகள் உக்ரேனிய மொழியில் ஒலிபரப்பின. அவற்றின்மேல் இரைச்சலை ஏவி ஆட்சியாளர் கெடுத்தனர். அந்த இரைச்சல் 1987, 88ஆம் ஆண்டுகளிலேதான் ஓய்ந்தது. ஒலிநாடாவோ எல்லையைக் கேட்டு நடப்பதன்று. ஒருவரிடமிருந்து ஒருவர் படியெடுத்து, படியிலிருந்து படியெடுத்துப் பரப்பும் வழக்கம் சோவியத்து நாடெங்கும் வேரூன்றியிருந்தது. 1983இல் குவீத்கா தாயுடன் உக்ரேனுக்குச் சென்று வந்தார். ஒரு கச்சேரியும் இல்லை, விளம்பரமும் இல்லை, உறவினரைக் கண்டு திரும்பும் வெறும் பயணி. அமெரிக்காவிலே கோடிக்கணக்கானோர் கேட்ட குரல், தன் மொழி வழங்கும் நாட்டிலே வாய்திறவாது வந்து போயிற்று.

1989 அந்நாட்டுக்குத் திருப்புமுனையான ஆண்டு. அவ்வாண்டில்தான் 'இரண்டு வண்ணங்கள்' நியூயோர்க்கில் வெளிவந்தது. செப்தெம்பரில் இவசியூக்கின் பாட்டின் பெயராலே 'செர்வோனா ரூத்தா' பாட்டுவிழா செர்னிவித்சியில் நடந்தது. தடுக்கப்பட்ட நீலமும் மஞ்சளுமான கொடி அங்கே இளைஞர் கைகளிலே தோன்றியது. ஒக்தோபரில் உக்ரேனிய மொழியை அரசகரும மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. 1991 ஓகஸ்ட் 24இல் சுதந்திரப் பிரகடனம். அவ்வாண்டு திசெம்பர் முதலாம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அதனை உறுதிசெய்தனர். இவையெல்லாம் பாட்டினாலே விளைந்தன என்று நாம் கூறவில்லை. அது பேதைமை. பொருளாதாரமும் அணு உலை வெடிப்பும் மொஸ்கோவின் தளர்ச்சியும் செய்த வேலையைப் பாட்டின் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் அக்கூட்டங்களிலே கூடியவர்கள் எதைப் பாடினார்கள் என்று பாருங்கள். பேரரசு முடமாக்க முயன்ற மொழியையே பாடினார்கள்.

வாத்தியங்கள் மிகையாய் இனிக்கின்றன, கிராமத்துக் கரகரப்பு இல்லை என்று இத்தட்டுகளைக் குறை கூறுவாரும் உளர். இசைநயம் அறிந்தோர் அதனை ஆராயட்டும். எமக்கு அது பெருங்குறையாய்த் தோன்றவில்லை. சொல் தெளிவாய்க் கேட்கின்றது, ஒவ்வோர் எழுத்தும் சிதையாமல் நிற்கின்றது. ஆங்கிலச் சூழலிலே பிறந்து வளர்ந்த நாவில் அது எளிய காரியமன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

சுதந்திர உக்ரேனிலே குவீத்கா பாடவில்லை. அந்த வாய்ப்பு வருமுன் நோய் வந்தது. புற்றுநோயினால் 1998 மார்ச் 29ஆம் நாள், தமது நாற்பத்தைந்தாவது பிறந்த நாளுக்கு ஆறு நாட்கள் இருக்கையிலே, நியூயோர்க்கில் மறைந்தார். இன்று உக்ரேனிய வானொலியில் அவர் குரல் ஒலிக்கின்றது. லிவீவ் நகரில் அவர் பெயரால் பாட்டுப் போட்டி நடந்திருக்கின்றது. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படை எல்லை கடந்த பின், மீண்டும் இலட்சக்கணக்கான உக்ரேனியத் தாய்மார் பிள்ளைகளோடு அந்நிய நாடுகளிலே அகதிகளாயினர். அப்பிள்ளைகளும் வெளியிலே ஒரு மொழியும் வீட்டிலே ஒரு மொழியுமாக வளர்கின்றனர்.

நேரமாகின்றது. தலைவரிடம் அனுமதி பெற்று, அத்தலைப்புப் பாட்டை இங்கே ஒலிக்கச் செய்யவிருக்கிறோம். பொருளை முன்னரே சொல்லிவிட்டோம். தாய், ஊசி, சிவப்பு நூல், கறுப்பு நூல். மொழி விளங்காவிட்டாலும் இருந்து கேளுங்கள். மூன்று நான்கு நிமிடந்தான்.